சென்னைச் சாக்கடைக்காகக் கவலைப்பட்ட சீமாட்டி

கைவிளக்கேந்திய காரிகை என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தவர். நள்ளிரவில் கையில் விளக்குடன் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து வந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைச் சொல்வார்கள்.

ஆனால் அவர் சென்னைப் பட்டணத்துச் சாக்கடைக்காகவும் கவலைப்பட்டவர். இது பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர் இந்திய மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை!

பணக்காரப் பெண்

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊர்ப் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினார்கள். செல்வக் குடும்பம். மகள் நர்ஸ் வேலைக்குப் போவதை வீட்டார் விரும்பவில்லை. அவர் பிடிவாதமாகப் போனார்.

1854-ல் கிரிமியா யுத்தம் நடந்தது. துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்கு அவர் சென்றார். அங்கே குண்டடிபட்டு இறந்தவர்களைவிட வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்களே அதிகம். கட்டிடத்துக்கு அடியிலே சாக்கடை அடைத்துக் கிடந்தது. சுற்றிலும் குப்பை. செத்த மிருகங்களையும் அப்புறப்படுத்த ஆள் இல்லை.

1855 மார்ச்சில் சீமையிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சாக்கடையைக் கழுவிவிட்டார்கள். குப்பையை வண்டி வண்டியாக அள்ளினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். ஜூன் மாதத்தில் அது 2 ஆகக் குறைந்தது.

மருந்து மட்டும் போதாது, துடைப்பமும் வேண்டும் என்பது அம்மையாரின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

படுக்கையில் இருந்தபடியே

யுத்தத்திலிருந்து நோயாளியாகத் திரும்பினார். பல ஆண்டுகள் படுக்கைதான். ஆனால் பேனா ஓயவில்லை.

1859-ல் இந்தியாவில் உள்ள ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க ஒரு கமிஷன் ஏற்பட்டது. அம்மையார் அதில் உறுப்பினர் அல்ல. பெண்களுக்கு அக்காலத்தில் அந்த இடம் கிடையாது. இருந்தாலும் வேலையில் பெரும்பங்கு அவருடையதே. இந்தியாவில் இருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்விகள் அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? குப்பையை என்ன செய்கிறார்கள்? பதில்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.

1863-ல் அறிக்கை வெளிவந்தது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல்! இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் மடிகிறார்கள் என்று அது காட்டியது. பத்து ஆண்டுகளில் அந்தக் கணக்கு 18 ஆகக் குறைந்தது.

பாளையத்தை மட்டும் பெருக்கினால் போதாது, பக்கத்தில் உள்ள ஊரும் சுத்தமாக வேண்டும் என்று அம்மையார் வாதாடினார். 1864-ல் சென்னையிலும் சுகாதாரக் கமிஷன் அமைந்தது.

சென்னையின் நாற்றம்

அப்போது சென்னையில் கருப்பர் பட்டணம் என்று ஒரு பகுதி இருந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. அதற்கு வடக்கே ராயபுரம். 1856-ல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். வியாபாரம் பெருகியது. ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். நிலமோ தட்டையான நிலம். சாக்கடை ஓட வழியில்லை. தெருவிலேயே தேங்கியது.

1865-ல் டுல்லாக் என்ற என்ஜினீயர் நகரத்துக்குச் சாக்கடைத் திட்டம் ஒன்று வகுத்தார். திட்டம் காகிதத்தில் தங்கிவிட்டது.

1866-ல் நேப்பியர் பிரபு சென்னைக்குக் கவர்னராக வந்தார். துருக்கி நாட்களிலிருந்தே அம்மையாருக்குத் தெரிந்தவர். கப்பல் ஏறுமுன் அவரைச் சந்தித்துவிட்டே புறப்பட்டார். ஆஸ்பத்திரி, சிறைச்சாலை பற்றியெல்லாம் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார்.

1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வழியாக நகருக்கு வந்தது. நல்ல தண்ணீர் வந்தது, கெட்ட தண்ணீர் போகவில்லை!

அதே ஆண்டு கவர்னரானவர் ஹோபார்ட் பிரபு. சென்னைக்குத் துறைமுகமும் வேண்டும், சாக்கடையும் வேண்டும் என்று பாடுபட்டார். 1875 ஏப்ரல் 27-ந் தேதி அவரே டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். அசுத்தம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவும் நோய் அது. சேரித் தெரு என்றும் கவர்னர் மாளிகை என்றும் அது பார்ப்பதில்லை.

அந்த டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். நகரம் முழுவதற்குமான சாக்கடைத் திட்டம் மேலும் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

கிராமங்களுக்கு

வயது ஏற ஏற அம்மையாரின் பார்வை கிராமங்களின் பக்கம் திரும்பியது. சர்க்கார் சட்டம் போட்டால் மட்டும் ஊர் சுத்தமாகாது என்பதை அவர் கண்டுகொண்டார். கிராமத்தில் வசூலாகும் வரிப்பணத்தில் முதல் செலவு அந்தக் கிராமத்தின் சுத்தத்துக்கே ஆகவேண்டும் என்று 1892-ல் இந்தியா மந்திரிக்கு எழுதினார். கிணற்றருகே ஏன் குப்பை கொட்டக்கூடாது என்பதை வீடு வீடாகப் போய், ஜனங்களின் பாஷையிலே, படம் காட்டிச் சொல்லவேண்டும் என்றார். மிரட்டி உத்தரவு போடுவது அவருக்குப் பிடிக்காது. 1894-ல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அப்போது வயது 74!

கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கியது. 1907-ல் பிரிட்டிஷ் மன்னர் ஆர்டர் ஆப் மெரிட் விருது அளித்தார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

1910-ல்தான் சென்னை நகருக்கு முழுமையான பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி அம்மையார் லண்டனில் காலமானார். வயது 90.

மன்னர்கள் பலரை அடக்கம் செய்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். அதைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஆடம்பரம் கூடாது என்பது அம்மையாரின் விருப்பம். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லில் அவர் பெயருக்கு இரண்டே எழுத்துக்கள். அவற்றோடு பிறந்த தேதியும் இறந்த தேதியும்.