இரும்பும் இரு வளையங்களும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டாட்மர்டன் நகரை அடுத்த ஸ்பிரிங்சைடு என்னும் சிற்றூரில் 1921ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஜெஃப்ரி வில்கின்சன் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலைச் செய்துவந்தார். தாயார் பருத்தி ஆலையில் பணிபுரிந்தவர். தாய்மாமனின் மனைவி வீட்டார் மருந்துக்குரிய உப்புகளைத் தயாரிக்கும் சிறு தொழிற்சாலையொன்றை நடத்தினர். மாமனுடன் அங்குச் சென்று, ஆய்வகத்தில் விளையாடிய சிறுவனின் உள்ளத்தில் வேதியியல் வேரூன்றியது.

உதவித்தொகை பெற்று 1939இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடாவின் அணுவாற்றல் திட்டத்திலும், பின்னர் அமெரிக்காவின் பெர்க்லியிலும் அணுக்கரு வேதியியல் ஆய்வில் ஈடுபட்டுப் பல புதிய ஐசோடோப்புகளை உருவாக்கினார். ஆயினும், மாணவப் பருவத்தில் தம்மை ஈர்த்த இடைநிலை உலோகச் சேர்மங்களை நாடியே மீண்டும் சென்றார். 1951இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரானார்.

அவ்வாண்டின் இறுதியில், இரும்பு, கார்பன், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்த ஆரஞ்சு நிறப் படிகம் ஒன்றைப் பற்றிய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்தது. இரு வளையங்களிலும் ஒவ்வொரு கார்பனுடன் மட்டும் இரும்பணு ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருப்பதாக அதில் வரையப்பட்டிருந்தது. அத்தகைய பிணைப்பு எளிதில் சிதையக்கூடியது. அப்படிகமோ காற்றிலும் நீரிலும் கெடவில்லை. 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கியது. வரைபடம் ஒன்று கூற, பொருள் வேறொன்று கூறியது. வில்கின்சன் பொருளை நம்பினார்.

ராபர்ட் உட்வர்டுடன் இணைந்து 1952இல் அவர் புதிய அமைப்பொன்றை முன்வைத்தார். ஐந்து கார்பன்கள் கொண்ட இரு வளையங்கள் ஒன்றற்கொன்று இணையாக அமைய, நடுவிலுள்ள இரும்பணு பத்துக் கார்பன்களுடனும் ஒருசேரப் பிணைந்துள்ளது என்பதே அது. இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே உணவு வைத்தாற்போன்ற தோற்றத்தால் இது சாண்ட்விச் சேர்மம் எனப்பட்டது. அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குரிய உறிஞ்சல் ஒன்றே தோன்றியது. பத்து ஹைட்ரஜன்களும் ஒத்தவை என்பதற்கு அது சான்றாயிற்று. அச்சேர்மம் ஃபெர்ரோசீன் எனப் பெயர் பெற்றது. அதே காலத்தில் ஜெர்மனியின் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷரும் எக்ஸ் கதிர் ஆய்வின் துணையால் தனித்தே இம்முடிவை எட்டினார்.

இத்துணைப் பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1955இல் தாம் பயின்ற இம்பீரியல் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கு அவர் உருவாக்கிய ரோடியம் வினையூக்கி, சாதாரண வெப்பநிலையிலேயே இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் ஆற்றலுடையது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தம் மாணவர் ஆல்பர்ட் காட்டனுடன் 1962இல் வெளியிட்ட கனிம வேதியியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது.

1973ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஃபிஷரும் வில்கின்சனும் பகிர்ந்துகொண்டனர். 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் வில்கின்சன் மறைந்தார். நூலில் வரையப்பட்ட அமைப்பு பொருளின் இயல்போடு பொருந்துகிறதா என வினவும் ஒவ்வொரு மாணவரும் அவர் சென்ற வழியிலேயே செல்கின்றனர்.