இல்லறத்தில் பொருள் வரைந்தவர்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கும் தலைச்சோலைக்கும் செல்வோர், சீமாட்டி இருக்கை என்னும் முனையில் நின்று கீழே நோக்கினால் சேலம் நகரம் பரந்து கிடக்கக் காண்பர். அந்நகரில் 1900-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி முன்னணிக்கு வந்த ஒருவர், ஈட்டும் ஆற்றல் சிறிதும் குன்றாத நாளிலேயே தம் பொருளுக்கு எல்லை வகுத்துக் கொண்டார். நாடு இராஜாஜி என்றழைத்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அவர்.

அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவர் வரலாறு நம் இல்லங்களுக்கு வேண்டியதே. அணுவிரதங்கள் ஐந்தனுள் மிகுபொருள் விரும்பாமையை நாம் ஓதுகிறோம். கடைப்பிடிப்பதை மட்டும் முனிவர்க்கு விட்டுவிடுகிறோம். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் சொல்வதுண்டு: துறவியர் கதையை வகுப்பில் கூறுவது எளிது, இல்லறத்தார் கதையைக் கூறினால், உங்கள் வீட்டில் எப்படி என்று பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்!

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி பெங்களூரிலும் சென்னையிலும் பயின்றார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராய் இருந்தார். துணைவியார் அலமேலு மங்கம்மாள் இளமையிலேயே காலமாகிவிட, ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பு அவர் ஒருவர்மேல் விழுந்தது. இத்தகைய நிலையில் நம்மில் எவராயினும், பிள்ளைகளுக்காக என்று சொல்லி இன்னும் சற்றுச் சேர்ப்போம். பொருள் சேர்ப்பதற்கு நாம் கூறும் காரணங்களுள் மறுக்க முடியாதது அதுதானே! அவரோ 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் தோன்றியபோது தொழிலையே விட்டார். அடுத்த ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்தார்.

1925 பிப்ரவரி 6-ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. புதுப்பாளையம் நிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் வழங்கினார். மழை பொய்க்கும் வறண்ட பூமி அது. அங்கே சிறு குடிலில் தம் பிள்ளைகளுடன் இராஜாஜி குடியேறினார். சுற்றியுள்ள சிற்றூர்ப் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து, அவர்கள் நூற்ற நூலைப் பெற்றுக் கூலி அளித்து, கதர் நெய்விப்பது ஆசிரமத்தின் முதன்மைப் பணி. தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அங்கே உடன் வாழ்ந்து உடன் உண்டனர். அக்காலத்தில் ஊரார் அதனை எளிதில் ஏற்கவில்லை. உழைத்துப் பெற்ற காசு கள்ளுக்கடைக்குப் போவதை அருகிருந்து கண்டமையால், 1929-இல் விமோசனம் என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார். கல்கி அதில் துணைநின்றார்.

பிள்ளைகள் பொருட்டும் அவர் எல்லையை மீறினார் அல்லர். 1933 ஜூன் மாதம் மகள் இலட்சுமிக்கும் காந்தியடிகளின் புதல்வர் தேவதாசுக்கும் புனாவில் திருமணம் எளிமையாக நடைபெற்றது. அடிகள் 21 நாள் உண்ணாநோன்பை முடித்துச் சின்னாட்களே ஆகியிருந்தன. நாடறிந்த இரு குடும்பங்களின் மணவிழா அது. நம் இல்லத் திருமணப் பந்தல்களை எண்ணிப் பார்க்கும் தாய்மார்கள் இவ்விடத்தில் சற்று நிற்பார்களாக.

1937-இல் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானபோது, காங்கிரசு விதித்த வரம்பின்படி அமைச்சர்கள் மாதம் 500 ரூபாயே ஊதியம் பெற்றனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், ஏற்காட்டு மலையையும் உள்ளடக்கிய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அரசுக்குக் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். வணிகக் குடும்பத்தினர் பலர்க்கு அவர்மீது வருத்தம் எழுந்தது அதனால்தான்.

1948 ஜூன் முதல் 1950 சனவரி வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக, 340 அறைகள் கொண்ட தில்லி மாளிகையில் வாழ்ந்தார். அங்கும் தம் துணிகளைத் தாமே துவைத்தார்; காலணியைத் தாமே துடைத்தார். பரிக்கிரகம் பொருளில் இல்லை, அதன்மேல் வைக்கும் பற்றில் உள்ளது என்று நம் ஆகமம் கூறும். அம்மாளிகைக்கும் புதுப்பாளையத்துக் குடிலுக்கும் அவரளவில் வேற்றுமை மிகுதியாய் இருந்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் 1952 முதல் 1954 வரை சென்னையில் முதலமைச்சர். 1954-இல் பாரத ரத்னா விருது. இராமாயணத்தைத் தமிழில் எழுதிய சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்கு 1958-இல் சாகித்திய அகாதமிப் பரிசு. 1972 டிசம்பர் 25-ஆம் நாள், 94 அகவை நிறைந்த நிலையில், சென்னையில் மறைந்தார். அவர் பிறந்த தொரப்பள்ளி இல்லத்தைத் தமிழக அரசு நினைவில்லமாக ஆக்கியுள்ளது. சேலத்திலிருந்து தருமபுரி வழியே ஓசூர் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.