பண்டிதை சந்தாபாய்

1890ஆம் ஆண்டு பிருந்தாவனத்தில் வைணவக் குடும்பத்தில் தோன்றிய சந்தாபாய், பீகாரின் ஆரா நகரச் சமணச் செல்வர் இல்லத்திற்கு மருமகளாக வந்தார். 12 வயதிலேயே கைம்மை எய்தினார். அக்காலத்தில் அத்தகைய சிறுமிக்கு எஞ்சியது இருண்ட மூலையும் பிறர் முகம் நோக்கும் வாழ்வுமே. ஆயினும், ஜைன சித்தாந்த பவனம் கண்ட கணவரின் தமையனார் தேவகுமார், அவரைக் கல்வியின்பால் ஆற்றுப்படுத்தினார். வடமொழியும் ஆகமமும் கற்றுப் பண்டிதையானார் அம்மையார்.

தாம் பெற்ற பேறு தம்போன்ற மகளிர்க்கும் வாய்த்தல் வேண்டுமென்று கருதி, 1921இல் ஆராவில் ஜைன பாலா விஸ்ராமத்தை நிறுவினார். ஆதரவற்ற கைம்பெண்டிரும் சிறுமியரும் அங்கேயே தங்கிக் கல்வி பயின்றனர். ஆகாரமும் அபயமும் அளித்ததோடு அவர் அமையவில்லை. பிறர் கையை எதிர்நோக்கா வாழ்வைத் தரவல்ல சாத்திர தானத்தையும் உடன் வழங்கினார். அதுவே அவ்வறத்தின் சிறப்பு.