முகமும் குரலும்

பாரி மாய்ந்தபோது கபிலர் பாடினார். அதியமான் வீழ்ந்தபோது ஔவையார் பாடினார். தலைவனை இழந்தோர் செயலற்று நிற்கும் நிலையைக் கையறுநிலை என்று நம் இலக்கணம் வகுத்தது. அப்பாடல்களில் பாணரும் விறலியரும் ஆதரவிழந்து நிற்பது தெரிகிறது. ஆயினும் அவர்தம் துயரை நமக்குச் சொன்னவர் புலவரே. பாட்டியற்றத் தெரியாதவன் தன் தலைவனை இழந்தால் என்ன செய்வான் என்று அறிய விரும்புவோர் 1987ஆம் ஆண்டின் கடைசி வாரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் விடியுமுன், சென்னை இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். காலமானார். இராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்ட உடலைக் காண எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். மறுநாள் கடற்கரையில், அண்ணா துயிலும் இடத்திற்கு அருகில் அடக்கம் நடந்தது. சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. தம் உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. இவற்றை மறைப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப்புறங்களில் நிகழ்ந்தது பெரும்பாலும் வீட்டுச் சாவுக்கு உரிய துக்கம். தெருமுனையில் நாற்காலி போட்டுப் படத்தை நிறுத்தி மாலையிட்டனர். பெண்கள் சுற்றியமர்ந்து ஒப்பாரி வைத்தனர். தந்தைக்கு மகன் செய்யும் கடனாக இளைஞர்கள் தலையை மழித்துக்கொண்டனர். நேரில் ஒருமுறைகூடக் காணாத ஒருவருக்காக இதனைச் செய்தோரே மிகுதி.

அந்த மனிதரின் தொடக்கம் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தது. 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை கோபாலமேனனை இளமையிலேயே இழந்தபின், தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் தொடங்கிய படிப்பு நிலைக்கவில்லை. வறுமை அண்ணன் சக்கரபாணியையும் தம்பியையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது. 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’யில் சிறியதொரு காவலர் வேடம் கிடைத்தது. அதன்பின் பதினோராண்டுகள் துணை வேடங்களிலேயே கழிந்தன. 1947இல் ‘ராஜகுமாரி’ அவரைக் கதாநாயகனாக்கியது. அந்தக் காத்திருப்பை அவர் இரசிகர்கள் மறக்கவில்லை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டு நல்ல நாளுக்குக் காத்திருப்பது அவர்களுக்கும் பழகிய வாழ்க்கை. நாமக்கல் கவிஞரின் கதையிலிருந்து எடுக்கப்பட்ட ‘மலைக்கள்ளன்’ 1954இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டித் தந்தது. 1958இல் தாமே தயாரித்து இயக்கி இரு வேடங்களில் நடித்த ‘நாடோடி மன்னன்’ அவரை எவரும் எட்டாத இடத்தில் அமர்த்தியது.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் அவர் பெற்ற இடம் தனித்து எண்ணத்தக்கது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய உழைப்பு இவ்வூர்களுடையது. குரோம் முறை வந்தபின்னும் அந்த வாடை கையை விட்டு அகலவில்லை. அவ்வாடையைச் சாதியோடு சேர்த்துப் பேசிய ஊர்வழக்கும் இங்கு உண்டு. திரையிலோ எம்.ஜி.ஆர். படகோட்டியாக வந்தார், தொழிலாளியாகவும் விவசாயியாகவும் வந்தார், மாடு மேய்த்தார், ரிக்ஷா இழுத்தார். அந்தத் தொழில்களின் பெயர்களே அப்படங்களுக்குத் தலைப்புகளாயின. தோல் பதனிடுவோன் பெயரில் மட்டும் ஒரு படமும் வரவில்லை. ஆயினும் மணலைக் குவித்துவைத்து அதன்மேல் அமர்ந்து பார்த்த தரைச்சீட்டு இரசிகன் அக்குறையைப் பொருட்படுத்தவில்லை. ரிக்ஷாக்காரனுக்கு நேர்ந்த அவமதிப்பைத் தனக்கு நேர்ந்ததாகவே கொண்டான். ரிக்ஷாக்காரனின் நிமிர்வும் அவனுடையதாயிற்று. தன் தொழிலுக்கு அங்கே இடமில்லாதபோதும் அவன் தானாகவே உள்ளே புகுந்து இடம்பிடித்துக்கொண்டான். இரசிகனை வெறும் மயங்கியவன் என்று கருதும் கற்றோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

இவ்வுறவைக் கட்டியவை பாடல்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். தம் இருபத்தொன்பதாம் வயதிலேயே, 1959இல், அவர் மறைந்துவிட்டார். கண்ணதாசன் எழுதினார், ‘படகோட்டி’ முழுவதையும் வாலி எழுதினார், புலமைப்பித்தனும் முத்துலிங்கமும் நா. காமராசனும் பின்னர் வந்தனர். பாடியவர் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராசன். நீதியுரைப்பது நம் மொழியின் பழைய வழக்கம். அறநூல் படிக்க வாய்ப்பற்றவனுக்கு அந்நீதி மெட்டோடு, அழகிய முகத்தோடு வந்து சேர்ந்தது.

1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஆனால் குரல் பழைய குரலாகத் திரும்பவில்லை, உரையாடல் குழறியது. பாட்டு மட்டும் குழறவில்லை. அது முன்பே இன்னொருவருடைய குரல்தானே! பேச்சு உடைந்தபின் அவரிடம் இரசிகன் கேட்டுப் பழகிய முழுக்குரல் பாட்டின் குரலாகவே எஞ்சியது. 1984 அக்டோபரில் நோயுற்று, நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது பேச்சு மேலும் குன்றியிருந்தது. அவர் ஊரில் இல்லாமலேயே அவருடைய கட்சி அவ்வாண்டு இறுதித் தேர்தலில் வென்றிருந்தது.

அரசியலைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1953இல் தி.மு.க.வில் சேர்ந்தார், 1972 அக்டோபர் 17இல் தனிக்கட்சி கண்டார், 1977 ஜூன் 30இல் முதலமைச்சரானார். இடையில் 1980இல் ஆட்சி கலைக்கப்பட்ட சில மாதங்கள் நீங்கலாக, இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். தம்மை மேடையில் கடுமையாகச் சாடிய கண்ணதாசனை 1978இல் அரசவைக் கவிஞராக்கினார். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அவ்வாண்டே அரசாணையாயிற்று. 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. பசித்திருந்த பிள்ளை ஆட்சிக்கு வந்ததும் பிள்ளைகளின் பசியை நினைத்தார் என்பது இரசிகர் கூற்று, அதில் பொய்யில்லை.

மறுபக்கமும் உண்டு. 1980க்குப் பின் வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் நக்சலைட்டுகள் மீதான காவல்துறை நடவடிக்கையில் இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டனர். நம் மாவட்டத்தில் அவருக்காக அழுத தெருக்களுக்கு அந்தச் சாவுகள் தொலைவில் நடந்தவை அல்ல. ஏழைகளின் பற்றைப் பெற்ற ஆட்சி ஏழைகளுக்கு எவ்வளவு திருப்பித் தந்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கில நூலொன்றில் வினவினார். அது பின்னர் ‘பிம்பச் சிறை’ எனத் தமிழில் வந்தது. அவ்வினா நியாயமானது. ஆனால் அழுதவர்களின் கண்ணீரை ஆட்சிக் கணக்கைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. அவர்கள் இழந்தது முதலமைச்சரை மட்டுமன்று. தரைச்சீட்டில் அமர்ந்து தாங்கள் அடைந்த நிமிர்வுக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகம் போயிற்று.

இந்த நிலம் நடுகல் நிலம். ஆநிரை காக்கப் போரிட்டு மாண்டவர்க்கு ஒன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய பல்லவர் காலக் கற்கள் ஆம்பூரில் கிடைத்துள்ளன. செங்கம் பகுதியிலோ நடுகற்கள் ஏராளம். நட்ட கல்லுக்குப் பூச்சூட்டிப் படையலிட்ட மரபில் வந்தோர், ஆண்டுதோறும் டிசம்பர் 24இல் தெருமுனையில் படம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவது வியப்பன்று. சென்னைக்குச் செல்வோர் கடற்கரை நினைவிடத்தின் கல்லில் காதை ஒற்றி, அவர் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்கின்றனர். அறிவியல் அறிந்தோர் நகைப்பர். சிலர் கேட்டதாகவே சொல்லி எழுகின்றனர்.

சௌந்தரராசனும் வாலியும் 2013இல், இரு மாத இடைவெளிக்குள் மறைந்தனர். எழுதியவர், பாடியவர், வாயசைத்தவர் எனப் பலர் போயினர். டிசம்பர் 24 காலையில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியதும், வேலைக்குச் செல்லும் பெண்கள் சோற்றுத் தூக்கோடு ஒரு கணம் நின்று, படத்தை வணங்கிவிட்டு, தொழிற்சாலை வாயிலை நோக்கி விரைகின்றனர்.