கப்பல் கூலியை மிச்சம் பிடித்த டையர்

டையர் என்றதும் 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிட்ட தளபதிதான் நம் நினைவுக்கு வருவார். அவருடைய தந்தை எட்வர்டு டையரோ மது உற்பத்தியில் பெயர் பெற்றவர்.

அந்நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சீமையிலிருந்து கப்பலில் மது வந்தது. பீர் வழியிலேயே கெட்டது. கப்பல் கூலியால் விலையும் ஏறியது. குளிரும் ஊற்று நீரும் இமயமலையிலேயே இருக்கக் கண்ட டையர், 1855-ல் கசௌலியில் நிறுவனம் தொடங்கினார். செப்பு வாலைகள் மாட்டு வண்டியில் மலையேறின. பின்னர் சோலனிலும் தொழில் பரவியது. நமது உதகை பீர் ஆலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. சோலன் விஸ்கி நெடுங்காலம் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்தது.

கசௌலி ஆலையை வாங்கிய மீக்கின், கசார்வாடியிலிருந்து இரண்டாவது ரயில் நிலையமான கிர்க்கியிலும் பீர் ஆலை நிறுவினார். இரு நிறுவனங்களும் பிற்காலத்தில் இணைந்தன, 1949-ல் என்.என்.மோகன் அதை வாங்கினார்.

சீமைப் புட்டியின் விலையில் சரக்குக்கு எவ்வளவு, கப்பலுக்கும் சுங்கத்துக்கும் எவ்வளவு? டையரின் தொழில் எழுப்பிய கேள்வி இது. மாதச் சம்பளக்காரர் எந்தச் சாமான் வாங்கும்போதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.