ஒரு லட்சமும் ஆறாயிரமும்



ஒரு கோட்டை ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால் போதாது, மறுமுனையிலிருந்தும் அளந்து சரிபார்க்கணும். சர்வே வகுப்பில் நாம் படித்ததுதான். மூன்றாம் வீரவல்லாளன் கதையைப் படித்தபோது எனக்கு இந்தப் பாடம்தான் ஞாபகம் வந்தது.

ஹொய்சள மன்னன் அவன். 1311-ல் மாலிக்காபூர் படையெடுப்பில் பணிந்து, ஆனாலும் விழுந்துவிடாமல் எழுந்தவன். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு, நம்ம மதுரை சுல்தான்களை எதிர்த்தான். 1342 வாக்கில் சமயபுரம் பக்கம் உள்ள கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டான். அப்போது அவனுக்கு வயது எண்பது!

அவன் பக்கம் ஒரு லட்சத்துக்கு மேல். கூடவே இருபதாயிரம் முஸ்லிம் வீரர்கள். ஆகவே இதை வெறும் மதச் சண்டை என்று சொல்லிவிட முடியாது. மதுரைப் படையோ ஆறாயிரம்தான். அதிலும் பாதிப் பேர் உதவாக்கரை. இந்தக் கணக்கைத் தந்தவர் பயணி இபின் பதூதா. சண்டை முடிந்தபின் மதுரை வந்தவர். சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை! சொன்னது ஜெயித்த வீட்டுச் சொந்தக்காரர் என்பதை மறக்கக் கூடாது.

நானும் கணக்குப் போட்டேன். ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் 1,20,000 பேருக்கு ஒரு நாளைக்கு 60 டன். அரை டன் ஏற்றும் மாட்டுவண்டி என்றால் தினமும் 120 வண்டி! குதிரைத் தீவனம் தனி. மாதக்கணக்கில் இதை நடத்துவது லேசுப்பட்ட வேலையா? வண்டிக்காரன், சமையல்காரன் எல்லோரையும் சேர்த்து எண்ணியிருப்பார்களோ என்று தோணுது.

ஆனால் முடிவை எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை. சரணடையக் கேட்ட கோட்டைக்காரர்களுக்கு, சுல்தானிடம் உத்தரவு பெற 14 நாள் தவணை கொடுத்தான் வல்லாளன். அந்த இடைவெளியில் மதுரைப் படை, தலைப்பாகையைக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, சாகத் துணிந்து கிளம்பியது. மத்தியான ஓய்வு நேரம். குதிரைகள் மேய்ச்சலில். வருவது திருடர்கள் என்று நினைத்து ஏமாந்தது பெரும்படை.

பிடிபட்ட கிழவனிடம் விடுதலை ஆசை காட்டிச் செல்வத்தையெல்லாம் கறந்துவிட்டு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதியிருக்கிறார் பதூதா. அண்ணாமலையாரே மகனாக இருந்து, மாசி மகத்தன்று அவனுக்குத் திதி கொடுப்பதாக இன்றும் ஐதீகம்.

நண்பர்களே, எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எண்ணினது யார் என்று முதலில் கேட்போம்!