தரையில் படை நடத்திய தளபதி எச்.ஜி.வெல்ஸ்

எச்.ஜி.வெல்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு 'டைம் மெஷின்' ஞாபகம் வரும். கண்ணுக்குத் தெரியாத மனிதனும், செவ்வாய் கிரகத்திலிருந்து படையெடுத்து வந்தவர்களும் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்த வெல்ஸைப் பற்றி எழுதப் பல பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறொரு வெல்ஸைப் பற்றி. ஈயப் பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, முழங்காலில் குனிந்து, குறி பார்த்துச் சுட்டு விளையாடிய வெல்ஸ்! அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உலகம் அறிந்த எழுத்தாளர். வீட்டில் இரண்டு பையன்கள் வேறு. விளையாடினதோடு விட்டாரா? அந்த விளையாட்டுக்குச் சட்டதிட்டம் எல்லாம் வகுத்து 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். தமிழில் 'குட்டிப் போர்கள்' என்று சொல்லலாம். இன்றைக்கு மேல்நாடுகளில் வாட்டர்லூ போரையும் கெட்டிஸ்பர்க் போரையும் மேஜை மேல் சின்னப் பொம்மைகளை வைத்து நண்பர்களோடு மறுபடி நடத்திப் பார்க்கிறார்களே, அவர்கள் தங்கள் பொழுதுபோக்குக்கு மூல நூல்களில் ஒன்றாகக் கொண்டாடுவது இதைத்தான்.

நண்பர்களே, அவர் ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளை, பொழுது போகாமல் பொம்மை வைத்து ஆடினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

1866 செப்டம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோசப் முதலில் தோட்டக்காரர். பிறகு பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் மட்டையும் விற்கும் ஒரு கடை வைத்தார். கடையில் வியாபாரம் இல்லை. ஆனால் மனிதர் பந்து வீச்சில் புலி. 1862-இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தவர்! அம்மா சாரா, ஒரு பெரிய மாளிகையில் சீமாட்டிக்குப் பணிப்பெண்ணாக இருந்தவர்.

1874-இல் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுத்த படுக்கையாக வாரக்கணக்கில் கிடந்தார். அப்பா நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கால் முறிந்ததுதான் தனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று பின்னாளில் அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, அந்தப் பையன் பிராம்லி வீதிகளில் சும்மா நடந்து போகமாட்டான். மனசுக்குள் படை நடத்திக்கொண்டே போவான். ஊருக்குப் பக்கத்தில் மார்ட்டின்ஸ் ஹில் என்று ஒரு மேடு. அந்த மேட்டில் எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் குதிரைப்படை, பள்ளத்தில் ஓடும் ஆற்றை எதிரி எங்கே கடப்பான், எல்லாம் அவனுக்குத் தெரியும். நெப்போலியனும் கிராம்வெல்லும் இவனுக்கு முன்னால் சும்மா. எதிரே வருகிற பெரியவர்களுக்கு, ஒல்லியான ஒரு கடைக்காரர் மகன் ஏதோ யோசனையில் போகிறான், அவ்வளவுதான். இந்த மார்ட்டின்ஸ் ஹில்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1877-இல் அப்பாவுக்குக் கால் உடைந்தது. கிரிக்கெட் வருமானம் போச்சு. 1880-இல் அம்மா அப்பார்க் மாளிகைக்கு வீட்டு மேலாளராகத் திரும்பிப் போனார். பையன்களை ஜவுளிக்கடைக்கு அனுப்புவது ஒன்றுதான் அந்த அம்மாவுக்குத் தெரிந்த முன்னேற்றம். வெல்ஸும் போனார். 1881-இலிருந்து சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒப்பந்தப் பயிற்சியாளர். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம். துணியைப் பிரி, மடி, அடுக்கு, மறுபடி பிரி. படுக்கை கடை மாடியிலேயே, மற்ற பையன்களோடு.

என் அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். ராத்திரி வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை உள்ளே வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். அதனால் 13 மணி நேரம் என்ற அந்த எண்ணை என்னால் சும்மா படித்துவிட்டுத் தாண்ட முடியவில்லை.

1883-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை யாரிடமும் சொல்லாமல் வெல்ஸ் கிளம்பிவிட்டார். 17 மைல் நடந்து அம்மா வேலை பார்த்த அப்பார்க் மாளிகைக்கே போய், இனி அந்தக் கடைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதிர்ச்சி. ஒப்பந்தத்துக்குக் கட்டின பணம் போய்விடுமே! கடைசியில் மகன்தான் ஜெயித்தான். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியர் வேலை. பகலில் சொல்லிக் கொடுப்பது, இரவில் தானே படித்துப் பரீட்சை எழுதுவது. 1884-இல் லண்டன் அறிவியல் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். உயிரியல் ஆசிரியர் யார் தெரியுமா? டார்வினுக்காக வாதாடிய டி.எச்.ஹக்ஸ்லி! முதல் வருஷம் நம்மாளு பிரமாதம். அப்புறம் கவனம் சிதறி, 1887-இல் கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்; 1890-இல் அவர் பி.எஸ்ஸி. வாங்கிவிட்டார். நடுவில் வேல்ஸ் நாட்டில் ஆசிரியராக இருந்தபோது கால்பந்து மைதானத்தில் சிறுநீரகத்தில் அடிபட்டு, ரத்தம் கக்கி, உடம்பு கெட்டு, கடைசியில் வாத்தியார் வேலையும் முடியாமல்தான் எழுத்துக்கு வந்தார். 1895, 1897, 1898 என்று வரிசையாக வந்த அந்தப் பெரிய நாவல்களின் கதை எல்லாருக்கும் தெரியும். புகழும் பணமும் வந்தது. சாண்ட்கேட் கடற்கரையில் 'ஸ்பேட் ஹவுஸ்' என்று வீடு கட்டிக் குடியேறினார். 1901-இல் மூத்தவன் ஜார்ஜ் பிலிப், 1903-இல் இளையவன் ஃபிராங்க். மூத்தவனைச் செல்லமாக 'கிப்' என்று கூப்பிடுவார்கள்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். நான் மெக்கானிக்கல் மாணவன். ஆகவே முதலில் அந்தச் சிப்பாய் எப்படிச் செய்யப்பட்டான் என்பதைச் சொல்லாமல் போகமாட்டேன். அதற்கு முன்பு ஜெர்மனியிலிருந்து வந்த ஈயச் சிப்பாய்கள் கெட்டியானவை. கனமும் அதிகம், விலையும் அதிகம். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் உள்ளே கூடான சிப்பாயை வார்த்தார்கள். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவது. அச்சின் சுவரை ஒட்டி மெல்லிய தோல்போல உறைந்ததும், நடுவில் இருக்கும் திரவத்தைக் கவிழ்த்துவிடுவது. நம் பாடத்தில் வரும் ஸ்லஷ் காஸ்டிங்தான்! உலோகம் மிச்சம், விலை குறைவு, நடுத்தரக் குடும்பத்துப் பையன் கையிலும் ஒரு பட்டாளம்.

அதே காலத்தில் கடைக்கு வந்தது ஒரு பொம்மைப் பீரங்கி. பின்பக்கம் திறந்து குண்டு போடலாம், உள்ளே ஸ்பிரிங், வாயை ஏற்றி இறக்க ஒரு திருகு. குண்டு என்பது சுமார் ஓர் அங்குல மரக்குச்சி. 9 கஜ தூரத்திலிருந்து பத்துக்கு ஒன்பது முறை சிப்பாயைச் சாய்க்கும் என்று வெல்ஸ் சான்றிதழ் தருகிறார். ஒரு நாள் சாண்ட்கேட்டில் நண்பர் ஒருவர் மதிய விருந்துக்கு வந்தார். வெல்ஸ் அவர் பெயரை முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு முடிந்து காபி வருவதற்குள், பக்கத்து மேஜையில் பையன் விட்டுப்போன பீரங்கியை எடுத்து அவர் குறி வைத்தார். சிப்பாய் விழுந்தான். உடனே பெருமை, உடனே சவால்! பெரிய மனிதர்கள் இருவரும் தரைக்கு இறங்கிவிட்டார்கள். கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகள் மலைகளாகக் கம்பளத்தில் இறங்கின.

ஆனால் வெறுமனே சுட்டால் அது குறி பார்க்கும் போட்டிதானே, போர் ஆகுமா? இங்கேதான் வெல்ஸ் ஒரு எஞ்சினியர் மாதிரி வேலை செய்கிறார். ஆடிப் பார்ப்பது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, விதியைத் திருத்துவது, மறுபடி ஆடுவது. காலாள் ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரை 2 அடி. பீரங்கியிலிருந்து 6 அங்குலத்துக்குள் சொந்த ஆட்கள் குறைந்தது 4 பேர் இருந்தால்தான் அதைச் சுடலாம், நகர்த்தலாம். யோசிக்கிறேன் பேர்வழி என்று ஒருவர் மணிக்கணக்கில் உட்காராமல் இருக்க, கையில் கடிகாரம். சுமார் 30 ஆளுக்கு ஒரு நிமிஷம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிஷம். நேரம் முடிந்தால் கையை எடு! கைகலப்பில் சரிசமமான ஆட்கள் மோதினால் ஒன்றுக்கு ஒன்று காலி. தனியாக மாட்டிக்கொண்டவன் கைதி. ஆறு என்பது சாக்பீஸ் கோடு, காடு என்பது ஒடித்து நட்ட சின்னக் கிளைகள். பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தில் ஆடிய 'கிரீக்ஸ்பீல்' என்ற பயிற்சி அதற்கு ரொம்ப முன்பே உண்டு. ஆனால் அது உயிரில்லாத அலுவலக வேலை என்பது வெல்ஸின் கட்சி.

புத்தகத்தில் 'ஹூக்ஸ் ஃபார்ம்' என்று ஒரு கற்பனைப் போரை, ஓய்வுபெற்ற கிழட்டுத் தளபதி தன் பிரதாபத்தை எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். சிரிக்காமல் படிக்க முடியாது. நீலப் படைக்குத் தளபதி அவரே. ஜெயித்ததும் அவரே என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். பையன்களுக்கான ஆட்டம் என்று அட்டையிலேயே போட்டுவிட்டு, கொஞ்சம் புத்திசாலியான பெண்களும் ஆடலாம் என்று சலுகை தருகிறார். எங்கள் வகுப்புத் தோழிகள் பார்த்தால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

கடைசிப் பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடுகிறது. தன் குட்டிப் போர் ஒன்றை நடத்திப் பார்த்தவனுக்கு, நிஜப் பெரும்போர் எவ்வளவு மடத்தனமான, கைமீறிப் போகும் காரியம் என்பது தெரியும் என்கிறார். ஆட்கள் சாவார்கள், ஊர்கள் எரியும், அதை நடத்தும் அறிவு எந்தத் தளபதிக்கும் கிடையாது. போர் ஆசை பிடித்த அரசர்களையும் வீராப்புக்காரர்களையும் ஒரு கூடத்தில் வைத்துப் பூட்டி, நிறையப் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் யோசனை.

இது 1913. அடுத்த வருஷம் என்ன நடந்தது? 1914 ஆகஸ்டில் நிஜப் போர் வந்தது. நம்ம வெல்ஸ் அதை எதிர்த்தாரா? இல்லை! இது போருக்கே முடிவு கட்டப் போகிற போர், ஜெர்மானிய ராணுவ வெறியை ஒழித்துவிட்டால் உலகம் சுத்தமாகிவிடும் என்று பத்திரிகைகளில் ஆவேசமாக எழுதினார். அந்தக் கட்டுரைகள் புத்தகமாகவும் வந்தன. 1918-இல் எதிரி நாட்டுக்குப் பிரசுரம் தயாரிக்கும் அரசாங்கப் பிரிவில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தார்.

இதைச் சொன்னபோது என் அறை நண்பன், அப்படியானால் மனுஷன் வேஷக்காரன்தானே என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேஷக்காரன் தன் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்கமாட்டான், இவர் பார்த்தார். 1916-லேயே, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 'மிஸ்டர் பிரிட்லிங்' நாவலை எழுதினார். போரை ஆதரித்த ஒரு எழுத்தாளர், போரில் மகனைப் பறிகொடுக்கிறார். தன் வீட்டில் இருந்து படித்த ஜெர்மன் இளைஞனும் மறுபக்கத்தில் செத்துப்போனதை அறிந்து, அவனைப் பெற்றவர்களுக்குக் கடிதம் எழுத ராத்திரி முழுக்க முட்டி மோதுகிறார். எதிரி நாட்டுத் தாய் தகப்பனுக்கு! இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் கட்டாய ராணுவ வயது 18. 1918 நவம்பரில் போர் நின்றபோது, தரையில் அப்பாவோடு சிப்பாய் ஆடிய கிப்புக்கு 17 வயதும் 4 மாதமும். எனக்கு இப்போது 18. அந்த வீட்டில் அந்த எட்டு மாதத்தை எண்ணாமல் இருந்திருப்பார்களா?

1934-இல் சுயசரிதை எழுதும்போது மார்ட்டின்ஸ் ஹில்லுக்குத் திரும்பி வருகிறார். தான் பதின்மூன்று வயதில் அந்த மேட்டில் கண்ட படை, வெற்றி, இனப் பெருமைக் கனவுகளையும், ஜெர்மனியில் அப்போது பதவிக்கு வந்துவிட்ட ஹிட்லரின் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ரெண்டும் ஒண்ணுதான் என்கிறார். தன்னுடைய சின்ன வயசுக் கனவு வளராமலே ஒருவன் உருவத்தில் எழுந்து வந்து நிற்கிறது என்பதுபோல எழுதுகிறார். ஹிட்லரை அரக்கன் என்று திட்டினவர்கள் ஆயிரம் பேர். அவன் எனக்குள்ளும் இருந்தான் என்று காட்டிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்? இந்த ஓர் இடத்துக்காகவே 1914-ஐ நான் அவருக்கு மன்னித்துவிட்டேன். என் நண்பன் இன்னும் மன்னிக்கவில்லை.

அணுகுண்டு என்ற சொல்லையே 1914-இல் நாவலில் எழுதியவர் அவர். 1945-இல் அது ஹிரோஷிமாவில் விழுந்ததையும் உயிரோடு இருந்து கேட்டார். இரண்டாம் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோதும் நகரை விட்டுப் போகவில்லை. 1946 ஆகஸ்ட் 13-இல் அங்கேயே காலமானார். அஸ்தியை ஆங்கிலக் கால்வாயில் கரைத்தார்கள். கிப் விலங்கியல் பேராசிரியராகி, ஹக்ஸ்லியின் பேரன் ஜூலியனோடும் அப்பாவோடும் சேர்ந்து உயிரியல் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார்.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. திகில் பட நடிகர் பீட்டர் குஷிங் வீட்டில் வெல்ஸ் விதிப்படி தரையில் படுத்து ஆடுவதை 1956-இல் செய்திப்படமாகவே எடுத்தார்கள். 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்பவர் 'வார் கேம்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் சங்கம் வைத்துப் பழைய சரித்திரப் போர்களைப் பகடை உருட்டி நடத்துவது பெருகியது. இந்த ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போரில் நிஜமாகவே டாங்கிப் படையில் இருந்தவர். டாங்கி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, 1903-இல், அதைக் கதையில் ஓட்டிக் காட்டியவர் வெல்ஸ். அப்படிப்பட்ட ஒரு வண்டிப் படையில் இருந்து உயிரோடு திரும்பி வந்த மனிதர், சவுத்தாம்ப்டனில் பகலெல்லாம் பிசியோதெரபிஸ்டாக அடிபட்ட கால்களைச் சரிசெய்துவிட்டு, ஓய்வு நேரத்தில் மேஜை மேல் ஈயச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.